மேசைக்கு இந்தப் பக்கம்

மாவட்ட மைய நூலகத்தின் மாடி. ஜன்னலை ஒட்டிய மேசையில், முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார். ஹரப்பாவுக்குப் பச்சை மை, சங்ககாலத்துக்கு மஞ்சள். தோள்பையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெயர் பாதி உரிந்து தொங்குகிறது. எதிரே இருக்கும் பெண் ஏழாம் வகுப்பில் இருக்கிறார். கோடியில் இருப்பவர் ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் சுற்று. யாருக்கும் இதில் வெட்கம் இல்லை. ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவனுக்கே அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு என்பது இந்த மாடியின் வேதவாக்கு.

அந்தத் தேர்வுக்குக் கேட்கப்படும் படிப்பு பத்தாம் வகுப்பு. எழுத வருகிறவர்கள் பி.ஏ., பி.இ., எம்.எஸ்ஸி. 2024-ல் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று எந்த நாற்காலி கிடைத்தாலும் சரி. மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழில் இருந்து.

நான் அங்கே தினசரி படிக்கப் போகிறவன். அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவன். செய்தித்தாள் பகுதி கீழ்த்தளத்தில் இருக்கிறது. கீழே மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேலே ஏறினேன், அப்படியே தங்கிவிட்டேன். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே என் நாற்காலி. அதனால் வாயைத் திறப்பதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் யாரும் பலகை மாட்டவில்லை.

அரசமைப்புச் சட்டம் இங்கே எண்களாகத்தான் புழங்குகிறது. உதடு மட்டும் அசையும். "பத்தொன்பது, சுதந்திரம். இருபத்தொண்ணு ஏ, கல்வி. இருபத்தஞ்சு, மதம். அம்பத்தொண்ணு ஏ, கடமை." கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. அடிப்படைக் கடமைகள் எந்தத் திருத்தத்தில் வந்தன? 42. எந்த ஆண்டு? 1976. எந்தக் குழு? ஸ்வரண் சிங். பதில் மூன்று வினாடியில் வந்துவிடும். அந்த 1976-ல் நெருக்கடி நிலையில் பத்தொன்பது பூட்டிக் கிடந்தது என்பது வேறு பாடத்தில், வேறு பக்கத்தில் இருக்கிறது. உரிமைகளை உள்ளே போட்டுப் பூட்டிய கையாலேயே கடமைகளை எழுதிச் சேர்த்தார்கள் என்று இரண்டு பக்கங்களையும் ஒன்றாகப் பிடித்துப் பார்க்க இவர்களுக்கு நேரமில்லை. அப்படி ஒரு கேள்வி வந்ததும் இல்லை.

இவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். மாடியில் சரிபாதிப் பேர் அந்த வயதுக்காரர்கள். கல்வியை அடிப்படை உரிமையாகக் கையில் வாங்கிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்த முதல் தலைமுறை. அந்த உரிமையைப் பற்றி அவர்களிடம் கேட்கப்படுவது, அது எத்தனையாவது திருத்தம் என்பது மட்டும்தான். 86. அதையும் சொல்லிவிடுவார்கள்.

பத்தேகால் மணிக்கு ஒரு அம்மாள் வருவார். முப்பத்தைந்து இருக்கும். எல்லோருக்கும் அக்கா. காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு வருகிறவர். வேன் திரும்பும் நேரத்துக்கு முன்னால், இரண்டே முக்காலுக்கு, கிளம்பிவிடுவார். அவர் படிக்கும் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருக்கிறது. லேபிளில் மகன் பெயர், ஆறாம் வகுப்பு, 'ஆ' பிரிவு. போன வருடத்துப் புத்தகம் போலிருக்கிறது. அடிக்கோடு எல்லாம் பென்சிலில், அதுவும் அழுத்தாமல். ரப்பரைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்.

ஒருநாள் படிக்கட்டில் நின்று அவர் பேசியது காதில் விழுந்தது. "லைப்ரரிலதான் இருக்கேன் அத்த. தம்பிக்கு ஏதோ புராஜெக்ட்டாம்... ஆமா... குக்கர்ல வச்சிருக்கேன், மூணு விசில் விட்டாப் போதும்."

வீட்டில் யார் கண்ணில் பட்டாலும் அது மகன் புத்தகம். பென்சில் கோடும் மகன் போட்டது. பேசி முடித்து உள்ளே வந்தவர் விட்ட இடத்தில் தொடங்கினார். பத்தொன்பதாவது பிரிவில் இருந்த சுதந்திரங்கள் முதலில் ஏழு. சொத்துரிமையை 1978-ல் எடுத்துவிட்டதால் இப்போது ஆறு. பேச்சு, கூடுதல், சங்கம், நடமாட்டம், குடியிருப்பு, தொழில். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். ஆறாவதில் விரல் தகராறு செய்தது. மறுபடி முதலில் இருந்து எண்ணினார்.

பக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாடியைவிட அதிகமாகக் கடவுள் புழங்கும் இடம் இந்த ஊரில் கோயில்தான் இருக்க வேண்டும். பென்சில் பெட்டியைத் திறந்தால் நியூஸ் பேப்பரில் மடித்த விபூதி. செல்போன் உறைக்குள் வேளாங்கண்ணி மாதா. கூத்தனூர் சரஸ்வதி காலடியில் வைத்து எடுத்துவந்த கறுப்பு மைப் பேனா ஒன்று டப்பாவை விட்டு வெளியே வராமல் தேர்வு நாளுக்குக் காத்திருக்கிறது. பயிற்சித் தாளுக்கெல்லாம் சாதாரணப் பேனா. தேர்வு விடைத்தாளில் நான்கு வட்டங்களுக்குப் பக்கத்தில் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறையும். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது. தப்பான விடைக்கோ கழிவு கிடையாது. ஆகவே ஐந்தாவது வட்டத்தைத் தொடுவார் இல்லை. தெரியாத கேள்விக்கு அவரவர் சாமி காட்டுகிற வட்டம். எனக்குத் தெரிந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இடம் ஒதுக்கிய ஒரே அரசுத் தாள் அதுதான். என் சர்வீஸில் அப்படி ஒரு வட்டம் இருந்திருந்தால் பாதிக் கோப்புகள் சீக்கிரம் நகர்ந்திருக்கும்.

கார்த்திகையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஐந்தாவது மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர், இருவரும் கறுப்பு. ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டவர். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால். மற்றவர் வருடம் முழுவதும் கறுப்புச் சட்டைதான். நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் பெரியார். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்தே இருமுடி கட்டப்போகிறவர்கள் என்று தோன்றும். மாலை போட்டவரை யாராக இருந்தாலும் 'சாமி' என்றுதானே கூப்பிட வேண்டும்? கறுப்புச் சட்டைக்காரரும் அப்படியேதான் கூப்பிட்டார், குரலில் கிண்டல் எதுவும் இல்லாமல்.

"சாமி, அந்தப் பத்தாவது புக்கத் தள்ளுங்க."

"தரேன். அதுல இருபத்தஞ்சு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

கறுப்புச் சட்டை பக்கத்தைப் புரட்டி, எந்த மதத்தையும் ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உள்ள உரிமை என்று சாமிக்கு வாசித்துக் காட்டினார். 'பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம்' என்ற மூன்று நிபந்தனைகளை மட்டும் இரண்டு முறை அழுத்தி வாசித்ததாக எனக்குப் பட்டது. சாமி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மதியம் சாமியின் சோற்றில் வெங்காயம், பூண்டு கிடையாது. கறுப்புச் சட்டைக்காரரின் டப்பாவில் முட்டை. அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போகச் சொன்னவர் யாரும் இல்லை.

தை பிறந்து மாலையைக் கழற்றிய பிறகும் அவருக்குச் 'சாமி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சபரிமலை போய் வந்த மறுநாளே பேன்ட், சட்டையில் வந்தார். "வாங்க சாமி" என்றது மாடி.

ரம்ஜான் மாதத்தில் ஒரு மணி அடித்ததும் மாடி காலியாகும். நாற்காலி போய்விடுமோ என்ற பயத்தில் புத்தகத்தையோ பாட்டிலையோ வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு எப்படி நம்பிப் போவது? மூலை மேசையில் ஒல்லியாக ஒரு பையன், நோன்பு பிடிக்கிறவன். அவன்தான் சாப்பிடப் போகப்போவதில்லையே. முதல் நாள் ஒருவர் சொன்னார்: "தம்பி, கொஞ்சம் பாத்துக்க." இரண்டாம் நாள் நான்கு பேர். ஒரு வாரத்தில் மாடியில் உள்ள அத்தனை செல்போனும் அவன் மேசைக்கு வந்துவிட்டது. பசியோடு உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிடுவதற்காகக் காவல் காத்தான். இதில் இருக்கும் தமாஷ் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு தாளைக் கிழித்து 'பொருள் பாதுகாப்பு அறை' என்று எழுதி மேசையில் நிற்க வைத்தான். மதியத் தொழுகைக்குப் போகும்போது மட்டும் எழுந்து வந்து, "அய்யா, பத்து நிமிஷம்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவான். அலுவலகத்தில் கூட யாரும் என்னிடம் இத்தனை சீராகப் பொறுப்பு ஒப்படைத்தது இல்லை.

எல்லாம் இப்படியே இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். இதே மாடியில்தான் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தின் நடுவில் முப்பது நாற்பது பக்கங்கள் பிளேடு வைத்து அறுக்கப்பட்டுக் காணாமல் போயின. எந்தப் பக்கங்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதிகம் கேட்கப்படும் பகுதி. பொதுச்சொத்தைப் பாதுகாப்பது குடிமகனின் கடமை என்று சொல்லும் பக்கமும் அதற்குள் போய்விட்டது. செய்தித்தாளில் வேலைவாய்ப்பு அறிவிப்பு வரும் நாட்களில் பத்து மணிக்குள் ஜன்னல் திறந்திருக்கும். இந்த ஊரில் வீட்டு வரி கட்டுகிறவர் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்காகச் சேர்த்துக் கட்டுகிறார். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வாசலை மிதித்தது கிடையாது. அவர்கள் பணத்தில் வாங்கிய பக்கங்கள் யாரோ ஒருவரின் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டு மனப்பாடம் ஆகிக்கொண்டிருக்கும். நூலகர் சத்தம் போடவில்லை. காணாமல் போன பக்கங்களை எங்கிருந்தோ நகலெடுத்து, சணல் கோத்து, 'கவுன்டரில் கேட்டு வாங்கவும்' என்று எழுதி வைத்துவிட்டார். இப்போது அதைக் கேட்டு வாங்க வரிசை நிற்கிறது. அறுத்த கை அந்த வரிசையில் நிற்கிறதா என்று நானும் சில நாள் நோட்டம் விட்டேன். வேலைக்கு ஆகவில்லை.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இன்றைக்கு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்களை விழுங்கும் இவர்களில் சிலர், இரண்டு மூன்று வருடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரப் போகிறார்கள். அப்போது இருபத்தைந்தாவது பிரிவு எண்ணாக வராது. கையில் ஒரு மனுவோடு ஆளாக வந்து நிற்கும். திருப்பத்தூரில் சினேகா என்ற வழக்கறிஞர், சாதியும் மதமும் அற்றவர் என்று தனக்குச் சான்றிதழ் வேண்டும் என்று 2010-ல் கேட்டார். கிடைத்தது 2019 பிப்ரவரியில். பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விடலாம் என்று அரசாணை 1973-லேயே வந்துவிட்ட மாநிலம் இது. அந்த ஒன்பது வருடத்தில் அவரது மனு எத்தனை மேசையில் படுத்திருக்கும், எத்தனை பேர் 'முன்னுதாரணம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுத யோசித்திருப்பார்கள் என்று என்னால் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க முடிகிறது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். மதிய உணவுக்கு முன் ஒரு கோப்பு குறையட்டும் என்று நினைத்த சாதாரணர்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டவரும் ஒரு தாசில்தார்தான்.

இதை நான் மாடியில் யாரிடமும் சொன்னதில்லை. அவர்களே ஒருநாள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

சித்திரை வெயில் தணிந்து, எதிர் டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர். அக்காவும் இருந்தார், பள்ளி விடுமுறை, மகன் பாட்டி ஊருக்குப் போயிருக்க வேண்டும். நான் அடுத்த பெஞ்சில், கையில் கிளாஸ். கையேட்டில் ஒரே ஒரு வரியாக இருந்த வழக்கைக் கறுப்புச் சட்டை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு, 1986. கோட்டயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். பத்தாவது, ஒன்பதாவது, அஞ்சாவது. காலை வணக்கத்தில் தேசிய கீதம் வந்தால் எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி. வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டு, சபையில் கேள்வியாகி, விசாரணை நடந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றுதான் அறிக்கை வந்தது. இருந்தும் 1985 ஜூலையில் தலைமையாசிரியை மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார். உயர் நீதிமன்றம் கைவிட்டது. உச்ச நீதிமன்றம், பாடு என்று கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக எழுந்து நின்றால் போதும், வாய் மூடி நிற்பதும் பத்தொன்பதுக்குள் அடங்கும், இருபத்தைந்தும் அவர்கள் பக்கம் என்று சொல்லி, திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவு போட்டது.

"பாட மாட்டேன்னா அப்புறம் என்னத்துக்கு ஸ்கூலுக்கு வரணும்?" என்றார் சாமி. "எல்லாரும் பாடுறாங்கல்ல? கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல, அம்பத்தொண்ணு ஏ, மொத லைனே அதான்."

"மதிக்கணும்னுதான் போட்டிருக்கு. பாடணும்னு போடலை" என்றான் நோன்புப் பையன்.

"நிக்கிறது எப்பிடி மதிக்கிறதாகும்?"

"நீங்க மாலை போட்டிருக்கப்ப இவரு உங்கள 'சாமி'ன்னாரு. கும்புட்டா சொன்னாரு?"

பெஞ்சு சிரித்தது. கறுப்புச் சட்டையும் சிரித்தார். சாமி விடவில்லை. "சரிப்பா, கோர்ட்டு சொல்லிருச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மூணு பேரைப் பாத்து மத்த பிள்ளைங்களும் வாயை மூடிக்கிட்டா?"

"மூடலையே. அத்தனை வருஷமாப் பக்கத்துல நின்னு பாடிக்கிட்டுத்தானே இருந்தாங்க" என்றார் அக்கா. அதுவரை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எனக்கு அதெல்லாம் இல்ல. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் யாரு, என்ன பண்ணாங்க, அதைச் சொல்லுங்க."

"அவங்களுக்கே மனசு இல்ல போலக்கா. பிள்ளைங்களோட அப்பா வந்து, மேல இருந்து உத்தரவு வர்ற வரைக்குமாவது உக்காரட்டும்னு கேட்டிருக்காரு. என் கையில ஒண்ணும் இல்லைனுட்டாங்க. டெப்டி இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் நீக்குனது."

"பாத்தீங்களா" என்றார் அக்கா. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

பேச்சு அங்கிருந்து வேறு பக்கம் திரும்பிவிட்டது. பிள்ளைகள் செய்தது சரியா என்பதை விட்டுவிட்டார்கள். அந்த நாற்காலியில் தான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் மெடிக்கல் லீவ் போட்டுவிடுவாராம். இது எனக்குப் பழக்கமான பதில். எங்கள் அலுவலகத்தில் நெருக்கடி வந்த வாரங்களில் எல்லாம் காய்ச்சல் பரவியிருக்கிறது. இன்னொருவர், நீக்கினால் நீக்கிவிட்டுப் போகிறது, கோர்ட்டு சேர்த்துவிடும் என்றார். "அதுக்குள்ள ஒரு வருஷம் போயிருச்சேடா, அது பத்தாவது படிக்கிற பிள்ள" என்று அக்கா அவரைக் கடிந்தார்.

"சாமி, நீங்க?"

சாமி யோசித்தார். "நான் மேல கேப்பேன்."

"மேல இருந்துதான் சாமி சொல்றாங்க!"

"அப்ப எழுத்துல குடுங்கன்னு கேப்பேன்."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். எழுத்தில் கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் நேருக்கு நேராகக் கேட்ட ஒருவரைத்தான் என் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அந்த மாதக் கடைசிக்குள் அவருக்கு மாறுதல் வந்தது, கடல் தெரியும் ஊருக்கு. அதற்கப்புறம் எங்கள் பிரிவில் எல்லா உத்தரவும் தொலைபேசியிலேயே வந்தது. எல்லாவற்றையும் நாங்கள் நிறைவேற்றினோம்.

அக்கா விடுவதாக இல்லை. "எழுத்துல தரமாட்டேன், சொன்னதைச் செய்யுங்கறாரு. அப்ப?"

சாமி கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அப்ப டி.சி.யையும் வாயாலயே குடுத்துக்கச் சொல்லுங்கக்கா. நான் எழுத மாட்டேன்."